வரவேற்பு மேசைக்கு இந்தப் பக்கம்

ஆன்லைனில் ஓட்டல் அறை பதிவு செய்வது பற்றிப் பயணிகள் பக்கத்து அனுபவங்கள் இங்கே நிறைய வந்துவிட்டன. நான் ஓட்டல் வரவேற்பில் வேலை பார்ப்பவன், எங்கள் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

எக்ஸ்பீடியா, புக்கிங் டாட் காம் என்ற அறைப் பதிவுத் தளங்கள் 1996-லேயே வந்துவிட்டன. ஆனாலும் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபோனும் ஃபேக்ஸும்தான். நீளமான ரெஜிஸ்டரில் பென்சிலால் பெயர் எழுதுவோம், ரத்தானால் அழிக்க வசதியாக. இப்போது ஒரே அறை நாலைந்து தளங்களில் ஒரே நேரத்தில் விற்பனைக்கு இருக்கிறது. ஓரிடத்தில் விற்றதும் மற்ற இடங்களில் எண்ணிக்கையைக் குறைக்க சேனல் மேனேஜர் என்றொரு மென்பொருள். அது கொஞ்சம் தாமதித்தால் போதும், கடைசி அறை இரண்டு பேருக்குப் போய்விடும்.

ஒரு நாள் நள்ளிரவில் அதுதான் நடந்தது. தோளில் தூங்கும் குழந்தையோடு வந்தவர் மொபைலை நீட்டினார். ‘உறுதி செய்யப்பட்டது’ என்று பச்சையில் பளிச்சென்று இருக்கிறது. என் திரையிலோ ஓட்டலே நிரம்பிவிட்டது. வேறொரு ஓட்டலில் எங்கள் செலவில் அறை பிடித்து, டாக்ஸியும் வைத்து அனுப்பினோம். விடிவதற்குள் ஒற்றை நட்சத்திர விமர்சனம் வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

இதைவிடத் தர்மசங்கடம் பணம் திரும்பக் கேட்டு வருபவர்களிடம். பயணி தளத்துக்கு முன்கூட்டியே கட்டிவிடுகிறார். தளம் எங்களுக்கு ஒரு விர்ச்சுவல் கார்டு எண் அனுப்பும், அதாவது கையில் அட்டை இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துப் பணம் எடுக்கும் கார்டு. அதில் பெரும்பாலும் செக்-இன் நாளில்தான் பணம் எடுக்கலாம். அதற்கு முன்னாலேயே ஒருவர் வந்து ரத்து செய்யச் சொன்னால், கொடுக்க அவர் பணம் எங்களிடம் இருந்தால்தானே? தளத்தில் பேசுங்கள் என்பேன். அங்கே, ஓட்டலில் பேசுங்கள் என்பார்கள். நடுவில் அவர் பந்தாக உருள்வார்.

தளத்துக்கு நாங்கள் கொடுக்கும் கமிஷன் 15 விழுக்காடு, சில சமயம் அதற்கும் மேல். அப்படியானால் உங்கள் சொந்தத் தளத்தில் விலையைக் குறைக்கலாமே என்பீர்கள். தளங்களோடு போடும் பல ஒப்பந்தங்களில் அதற்கே தடை இருந்தது. பிரான்ஸ் 2015-இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தது. அதற்காகத் தளங்களே வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. விளம்பரத்துக்கு வழியில்லாத சின்ன ஓட்டலையும் உலகின் எந்த மூலையிலிருந்தும் தேடிப் பிடிக்க முடிகிறதே!

அப்புறம் ஒன்று. தளத்தில் விலை பார்த்த கையோடு ஓட்டலுக்கும் ஒரு ஃபோன் போடுங்கள். விலை குறையாவிட்டாலும் சத்தமில்லாத அறை, கொஞ்சம் தாமதமாகக் காலி செய்வது போன்றவற்றைப் பெரும்பாலும் நாங்களே முடிவு செய்யலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.