வெள்ளிக்கிழமை 3 மணி

ரசமட்டம்: ஆசிரியர் சங்கப் பிரமுகர் ஒருவர் பேசிய வீடியோ நேற்று எங்கள் தெரு வாட்ஸ்அப்பில் சுற்றியது. "அரசுப் பள்ளி முன்னேறப் பெற்றோர் ஒத்துழைப்பதே இல்லை, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஐந்து பேர்கூட வருவதில்லை" என்று அலுத்துக்கொள்கிறார். எங்கள் பள்ளியில் கூட்டம் மாதம் ஒரு வெள்ளி, மதியம் 3 மணி. நான் கொத்தனார், என் மனைவி சித்தாள். 3 மணிக்குக் கரண்டியைக் கீழே வைத்தால் அரை நாள் கூலி போச்சு. அதைச் சங்கம் தருமா?

கரும்பலகை: 31 வருடம் சுண்ணக்கட்டி பிடித்தவன் சொல்கிறேன், கேளுங்கள். நேரத்தை வைத்தது கல்வித் துறை, சங்கம் அல்ல. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 என்ன சொல்கிறது? குழுவில் முக்கால்வாசி பெற்றோர். 2022இல் மறுபடி அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர், தலைவரும் ஒரு தாய்தான். 15 பேர் சேர்ந்து நேரத்தை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட யார் கையைப் பிடித்தார்கள்?

மஞ்சப்பை: தீர்மானமா! என் அக்கா குழு உறுப்பினர். தீர்மான நோட்டு வீடு தேடி வரும், அடுப்படியில் நின்றபடியே கையெழுத்துப் போடுவார். என்ன தீர்மானம் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

கரும்பலகை: படிக்காமல் கையெழுத்துப் போட்டது யார் தவறு?

ரசமட்டம்: 3 மணிக்குப் பதில் சொல்லுங்கள் சார்.

அஞ்சுபத்துபஸ்: நான் பணியில் இருக்கும் ஆசிரியை. கூட்டத்தை ஆறு மணிக்கு வைத்தால் எங்கள் ஊர்ப் பக்கம் கடைசி பஸ் போய்விடும். இதையும் யோசியுங்கள். கூட்டம் முடிந்த கையோடு வருகையைச் செயலியில் வேறு ஏற்ற வேண்டும், சிக்னல் இருக்காது.

ரசமட்டம்: உங்களுக்குப் பஸ், எங்களுக்குக் கூலி. பஸ்தான் ஜெயிக்கிறது.

திண்ணை: எங்கள் ஊரில் ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்துப் பார்த்தோம். சங்கத்தில் இருக்கும் ஆசிரியர்தான் யோசனை சொன்னார், தலைமை ஆசிரியை சம்மதித்தார், 13 பேர் வந்தார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று அன்றுதான் ஊராட்சித் தலைவர் காதில் விழுந்தது. ஒரே மாதத்தில் மோட்டார் வந்துவிட்டது.

கரும்பலகை: ஞாயிற்றுக்கிழமைக்கு ஈடுசெய் விடுப்பு கொடுத்தார்களா? முதலில் அதைச் சொல்லுங்கள். இப்படித்தான் 2022இல் 13,331 தற்காலிக ஆசிரியர்களைக் குழு மூலமாக எடுக்கலாம் என்றார்கள். மாதச் சம்பளம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இது என்ன நியாயம் என்று கேட்டோம். உடனே நாங்கள் ஊருக்கு விரோதி ஆகிவிட்டோம்.

மஞ்சப்பை: அந்த 7,500 ரூபாய் டீச்சர்தான் எங்கள் மூன்றாம் வகுப்புக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தார். அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடு என்று உங்கள் சங்கம் ஒரு நாளாவது கொடி பிடித்ததா? 2019 ஜனவரியில் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தீர்களே, அது மட்டும் பிள்ளைகளுக்காகவா?

கரும்பலகை: பழைய ஓய்வூதியத்துக்காக. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது, வயதான காலத்தில் என்ன செய்வார்கள் என்று நீங்கள் யோசித்ததுண்டா? தெரியாத விஷயத்தில் வாயை விடாதீர்கள் தம்பி.

மஞ்சப்பை: தம்பி இல்லை, தங்கை. இத்தனை வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவருக்கு ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

அஞ்சுபத்துபஸ்: சார் மூத்தவர், கொஞ்சம் மரியாதையாகப் பேசலாமே.

மஞ்சப்பை: மரியாதை என்றதும் எல்லா டீச்சரும் ஒன்று சேர்ந்துவிடுவீர்கள். குழுக் கூட்டத்திலும் இதுதான் நடக்கிறது.

திண்ணை: மோட்டார் விஷயம் யாருக்குமே வேண்டாமா?

கரும்பலகை: நீங்கள் ஈடுசெய் விடுப்புக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மற்றபடி, குழுவில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 2024இல் 24 பேர் ஆக்கியாயிற்று. ஆள் கூடியதே தவிர அதிகாரம் கூடியதா? இதைப் பற்றி எட்டு பாகமாக எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றாகப் போடுகிறேன்.

ரசமட்டம்: எட்டு பாகத்தில் ஒன்றிலாவது 3 மணி வருமா?

கரும்பலகை: நேரத்தை வைத்தது துறை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பாகம் 1 கீழே.