கடனைத் திருப்பிக் கேட்டு வாசலுக்கு வந்தவர்கள்: எங்கள் அனுபவம்

ஆத்தங்குடியிலிருந்து:

எங்களுக்கு டைல்ஸ் பட்டறை. கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுகிற கைவேலை. 2019-ல் பட்டறையைப் பெரிசாக்க வங்கியில் 6 லட்சம் வாங்கினேன், அடமானம் இல்லாத கடன். அடுத்த வருசம் கொரோனா. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணைக்கு விலக்கு கொடுத்தார்கள், வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனது. தட்டுத்தடுமாறிக் கட்டினேன். 2022 கடைசியில் தொடர்ந்து மூன்று தவணை நின்றுவிட்டது.

அப்புறம் வங்கியின் வசூல் ஆட்களிடமிருந்து காலை ஆறரைக்கு ஒரு போன், ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு போன். விண்ணப்பத்தில் தெரிந்தவர் என்று மச்சினன் நம்பரைக் கொடுத்திருந்தேன், அவனையும் விடவில்லை. ஒருநாள் இரண்டு பேர் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் "கடன வாங்கிட்டு உள்ள ஒளிஞ்சிருக்காரு" என்று சொன்னார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. நம் ஊரில் திண்ணையில் பேசுவது கோயில் வாசல் வரை போகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிற கூட்டாளி ஒருவர்தான் வழி சொன்னார்: "வாயால பேசாதே, எல்லாத்தையும் எழுது." அடுத்த தடவை வந்தவர்களிடம் அடையாள அட்டையும், வசூலுக்கு அனுப்பியதாக வங்கி கொடுத்த கடிதமும் கேட்டேன். அட்டை இருந்தது, கடிதம் இல்லை. "கடிதத்தோட வாங்க தம்பி, உள்ள உக்காந்து பேசலாம்" என்றேன். குரல் இறங்கிவிட்டது. போலீஸ் வரும் என்று முன்பு மிரட்டியிருந்தார்கள். தவணை நின்றால் அது சிவில் விவகாரம், அதற்காகப் பிடித்துக்கொண்டு போக முடியாது. கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால் மட்டும் அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கு. அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த நாள், எந்த நேரம், யார் என்ன பேசினார்கள் என்று எழுதி, பதிவு செய்த பேச்சையும் சேர்த்து வங்கிக்கு மனு அனுப்பினேன். காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது, ஊர் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது, உறவுக்காரர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் போட்ட சுற்றறிக்கையையும் அதில் குறிப்பிட்டேன். 30 நாள் ஆகியும் பதில் இல்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் புகார் போட்டேன், காசு எதுவும் கிடையாது. அதன் பிறகுதான் கிளை மேலாளரே கூப்பிட்டார். தவணையைக் குறைத்து எழுதிக்கொண்டோம். இப்போது கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். திண்ணைக்கு யாரும் வருவதில்லை.

காரைக்குடியிலிருந்து:

அண்ணே, படிச்சுட்டு அழுதுட்டேன். நான் வீட்டிலேயே முறுக்கு, சீடை சுட்டு விக்கிறேன். எனக்குக் குழுக்கடன். ஒரு வாரம் கட்டலைன்னா சாயந்திரம் வந்து விளக்கு வச்சபிறகும் எந்திரிக்க மாட்டாங்க. குழுவில இருக்கற மத்த பொம்பளைங்களையும் கூட்டிட்டு வந்து என்னைத் திட்டச் சொல்றாங்க. அதுதான் தாங்கமுடியல. எண்ணெய்ச் சட்டிய அடுப்புல வச்சுட்டு நான் யாருக்குன்னு பதில் சொல்றது?

தேவகோட்டையிலிருந்து:

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா, குழுக்கடனுக்கும் 2022-ல் விதி வந்திருக்கிறது. கடன் கொடுத்தவரும் நீங்களும் ஒத்துக்கொண்டு குறித்த இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை நீங்கள் அங்கே போகாவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். இன்னொன்று, ஒரே தொகையாகக் கட்டி முடிக்கச் சொன்னால், தொகையையும் தேதியையும் கடிதமாக வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றும் வாங்குங்கள். குறைத்துக் கட்டினால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' (முழுசாகக் கட்டாமல் முடித்தது) என்றே நிற்கும், அடுத்த கடனுக்கு அது இடிக்கும். முடிந்தவரை முழுசாகக் கட்டப் பாருங்கள்.

ஆத்தங்குடியிலிருந்து:

அக்கா, எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன்.