டிக்கியில் எல்இடி ஸ்ட்ரிப்: மூடிய பிறகும் மங்கலாக எரிகிறது, பேட்டரி இறங்கிவிடுமா?

பின்சீட்டு:
வணக்கம் நண்பர்களே. என் ஹேட்ச்பேக் காரில் டிக்கி லைட் என்று இருந்தது ஓரத்தில் ஒரே ஒரு 5 வாட் பல்புதான். இரண்டு பையை வைத்துவிட்டால் அதுவும் மறைந்துவிடும். அதனால் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் வாங்கி, டிக்கி வாயின் மேல் விளிம்பை ஒட்டி முக்கால் மீட்டர் ஓட்டியிருக்கிறேன். மீட்டருக்கு 60 எல்இடி இருக்கும் 5050 (எல்இடியின் அளவைச் சொல்லும் எண்) வகை. பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டருக்கு வரும் இரண்டு வயரிலேயே பிளஸ், மைனஸ் இரண்டையும் கொடுத்தேன். பாடியில் எர்த் எடுக்கவில்லை.

திறந்தால் நல்ல வெளிச்சம். மூடினால் முழுசாக அணையவில்லை. போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிப் பார்த்தேன்: ஒவ்வொரு எல்இடியும் குண்டூசி முனை அளவுக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது திறந்தால் வெளிச்சம் கொஞ்சம் கூடவும் செய்கிறது. வண்டியை ஒரு வாரம் நிறுத்திவைத்தால் பேட்டரி படுத்துவிடுமோ?

கரண்ட்கம்பி:
ப்ரோ, சிம்பிள். பிளஸ் வயர்ல ஒரு 1என்4007 டயோடு (கரண்ட்டை ஒரே திசைல மட்டும் விடுறது) போடுங்க, நின்னுடும்.

பழையமல்டிமீட்டர்:
டயோடு உதவாது தம்பி. கசிவு கரண்ட்டும் எரியவைக்கிற கரண்ட்டும் ஒரே திசையில்தான் போகிறது. டயோடு 0.7 வோல்ட்டைத் தின்றுவிட்டு இரண்டையும் விட்டுவிடும்.

பின்சீட்டு, எதையும் வாங்கும் முன் ஒன்று பாருங்கள். இது லாட்ச் (டிக்கிப் பூட்டு) ஸ்விட்ச் சரியாக விடாததாலா, இல்லை வண்டியின் பாடி கன்ட்ரோல் மாட்யூல் (விளக்கு, பூட்டு போன்றவற்றை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) அனுப்பும் சோதனைக் கரண்ட்டாலா? பல வண்டிகளில் அந்த மாட்யூல், பல்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு துளி கரண்ட்டை விட்டுப் பார்க்கும். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது வெறும் இரண்டு மூன்று ஓம்தான். சில மில்லி ஆம்பியர் போனாலும் அதற்கு உறைக்காது. எல்இடி அப்படியில்லை, ஒரு மில்லி ஆம்பியரே போதும், கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எரியும்.

பார்க்கும் விதம்: டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டே, லாட்ச்சின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். கிளிக் என்று சத்தம் வரும், டிக்கி மூடிவிட்டது என்று வண்டி நம்பிவிடும். பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். ஸ்ட்ரிப்பைக் கழற்றி ஹோல்டரில் வோல்ட் பாருங்கள். பிறகு பழைய பல்பை மாட்டி, அதே இடத்தில் மறுபடி பாருங்கள். வெறும் மல்டிமீட்டரை நம்பிவிடாதீர்கள்: அதன் உள் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 10 மெகா ஓம், துளிக் கசிவையும் பெரிய வோல்ட்டாகக் காட்டும்.

முடிந்ததும் திறக்கும் பட்டனை அழுத்திக் கொக்கியை விடுவித்த பிறகே கதவை இறக்குங்கள். மறந்து அறைந்தால் லாட்ச் போய்விடும்.

பின்சீட்டு:
பார்த்தேன் அண்ணா. வெறும் ஹோல்டரில் 7, 8 வோல்ட் என்று எண் குதித்துக்கொண்டிருந்தது. பல்பை மாட்டியதும் கிட்டத்தட்ட பூஜ்யம், பல்பும் எரியவில்லை. ஸ்ட்ரிப்பின் வழியே எவ்வளவு போகிறது என்றும் அளந்தேன், 2 மில்லி ஆம்பியருக்குப் பக்கம்.

பழையமல்டிமீட்டர்:
அப்படியானால் லாட்ச் நன்றாக இருக்கிறது, சோதனைக் கரண்ட்தான். பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம். 2 மில்லி ஆம்பியர் ஒரு மாதம் முழுக்க ஓடினாலும் ஒன்றரை ஆம்பியர் அவர் (Ah, பேட்டரிக் கொள்ளளவின் அலகு) மட்டும்தான் ஆகும். லாட்ச் ஒட்டிக்கொண்டு ஸ்ட்ரிப் முழுசாக எரிந்திருந்தால்தான் ஆபத்து. 45 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு நாளில் காலி.

மினுக்கலை நிறுத்த ஸ்ட்ரிப்புக்குக் குறுக்கே, அதாவது பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் இடையே, 1 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று. 2 மில்லி ஆம்பியர் அதன் வழியாகப் போனால் விழுவது 2 வோல்ட். ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்இடியாகத் தொடரில் இருப்பதால் 7 வோல்ட்டுக்குக் கீழே அது எழுந்திருக்காது. விளக்கு எரியும்போது ரெசிஸ்டரில் போவது 14 மில்லி ஆம்பியர், 0.2 வாட். வெறுமனே வெதுவெதுப்பாக இருக்கும். ‘கேன்பஸ்’ என்று எழுதி விற்கிற அலுமினிய உடல் ரெசிஸ்டரை வாங்கிவிடாதீர்கள், அது சூடேறி கார்ப்பெட்டைக் கருக்கும்.

எஞ்சின் ஓடும்போது வெளிச்சம் கூடுவது இயல்பு. நின்றிருக்கும் பேட்டரி 12.6 வோல்ட், ஆல்டர்னேட்டர் ஓடினால் 14.4 வரை போகும். சாதாரண ஸ்ட்ரிப்பில் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவது ஒரு சின்ன ரெசிஸ்டர் மட்டும்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. 5050 வகை மீட்டருக்கு 14.4 வாட். உங்கள் முக்கால் மீட்டர் கிட்டத்தட்ட 11 வாட், 0.9 ஆம்பியர். அந்த வயர் 5 வாட் பல்புக்காக, 0.4 ஆம்பியருக்காக வந்தது. மாட்யூலின் அவுட்புட்டை இரட்டிப்பாக இழுக்கிறீர்கள். இன்று எரிகிறது என்பதற்காக விட்டுவைக்காதீர்கள், மாட்யூல் பல்பு விலைக்குக் கிடைக்காது.

கரண்ட்கம்பி:
ரிலே போட்டா போச்சே?

பழையமல்டிமீட்டர்:
போடலாம். ரிலே என்பது சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் ஸ்விட்ச். அதன் கால்களில் எண் இருக்கும்: 85, 86-இல் (காயில் முனைகள்) பல்பின் வயர், 30-இல் தனி பிளஸ், அந்த பிளஸ் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் பியூஸ், 87-இலிருந்து ஸ்ட்ரிப். காயில் 0.15 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். ஆனால் விளக்கு மெல்ல மங்கி அணைகிற வண்டியாக இருந்தால் ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும். முக்கால் மீட்டருக்கு இவ்வளவு கட்டுமானம் எதற்கு? 3528 வகை, மீட்டருக்கு 60 எல்இடி, 4.8 வாட் எடுங்கள். மொத்தம் 3.6 வாட், பல்பைவிடக் குறைவு. டிக்கிக்கு அது தாராளம்.

மூலைமுடுக்கு:
இடையில் ஒரு வார்த்தை. வயரைப் பின் தூண் பக்கமாக ஓட்டுகிறவர்கள், கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடி மேல் திரைபோல விரிகிற காற்றுப்பை) உள்ள வண்டியா என்று முதலில் பாருங்கள், அந்தப் பாதையில் எதையும் திணிக்காதீர்கள். கதவிலேயே ஸ்ட்ரிப் ஒட்டினால் வயர் கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் போகணும். வெளியே தொங்கவிட்டால் திறந்து மூடியே அறுந்துவிடும். ஒட்டும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் டேப் உரிந்து சாமான் மேல் தொங்கும்.

பின்சீட்டு:
3528-க்கு மாற்றி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டாச்சு. போனை மறுபடி உள்ளே வைத்து மூடினேன், வீடியோ முழுக்கக் கும்மிருட்டு! வெளிச்சம் முன்பைவிடக் குறைவுதான், ஆனாலும் மூலையில் கிடக்கிற ஸ்பேனர் எண் வரை படிக்க முடிகிறது. நன்றி அண்ணா. ஒரே ஒரு குறை, குனிந்தால் நேராகக் கண்ணில் அடிக்கிறது.

பழையமல்டிமீட்டர்:
விளிம்பின் உள்பக்கமாகத் திருப்பி, முகம் தரையைப் பார்க்கும்படி ஒட்டுங்கள். பால்நிற மூடி உள்ள அலுமினிய சேனல் கிடைத்தால் இன்னும் நல்லது. நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் மூன்று எல்இடிக்கு ஒருமுறை வருகிற செம்புக் கோட்டில் மட்டும் வெட்டுங்கள். வெட்டிய முனையில் செம்பு வெளியே தெரியும், அதில் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) மாட்டுங்கள். பிளஸ் முனை பாடித் தகட்டில் பட்டால் பியூஸ் போய்விடும்.