மறு: மலைப்பாதைக் காணொளி

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தம்பி ஒருவர் மலைப்பாதையில் காரை வேகமாக ஓட்டுவதைக் காட்டும் காணொளி போன வாரம் குழுவில் வந்ததே, அதை நானும் பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கீழே குவிந்திருந்த பாராட்டுகளையும் படித்தேன். "செம கன்ட்ரோல்" என்று ஒருவர், "அடுத்த தடவை என்னையும் ஏற்றிக்கொள்" என்று இன்னொருவர்.

ஓட்டிய தம்பியைச் சபையில் நிறுத்தித் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வண்டி அவர் கைக்கு நன்றாகவே அடங்குகிறது. என் கவலை ஓர் இடத்தைப் பற்றியது. ஒரு பக்கம் பாறைச் சுவர். சாலை அதைச் சுற்றிக்கொண்டு மறைகிறது. நடுக்கோடு மெல்ல நகர்ந்து வந்து காரின் மூக்குக்கு அடியில் போய்விடுகிறது. சில நொடிகள் முழுச் சாலையும் இவருடையது. அப்புறம் கோடு மறுபடி பழைய பக்கத்துக்கு வருகிறது, பின்னால் இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். எதிரே வண்டி வரவில்லை, அதனால் தப்பித்தார்கள். அந்த இடத்தில் அவருடைய திறமைக்கு வேலையே இல்லை.

பந்தயத் தடத்தில் இப்படித்தான் ஓட்டுவார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போனால் வளைவு அகலமாகிறது, அதிகம் வேகம் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். ஒவ்வொரு வளைவும் அவர்களுக்கு மனப்பாடம். ஆபத்து என்றால் கொடி காட்ட ஆள் நிற்கிறார், தடம் விட்டுப் போனால் பிடித்து நிறுத்தப் பல இடங்களில் ஜல்லிப் படுகை இருக்கிறது. பொதுச் சாலையில் அந்த அகலத்தில் பாதி வேறொருவருடையது. அவர் இந்த நிமிடம் எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

சரி, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 30 மீட்டர் ஆரம் உள்ள ஒரு கொண்டை ஊசி வளைவு. மணிக்கு 40 கிலோமீட்டரில் அதில் திரும்ப, வண்டியின் எடையில் சுமார் 40 விழுக்காட்டு அளவு பக்கவாட்டு விசையை டயர் தாங்க வேண்டும். 50-இல் அது மூன்றில் இரண்டு பங்கு. 60-இல் கிட்டத்தட்ட முழு எடை. நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை என்றாலே சாதாரணக் காருக்கு எடையில் 80 விழுக்காடு அளவுக்குத்தான் பிடிமானம் கிடைக்கும். வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் டயர்மேல் சுமை இரண்டேகால் மடங்கு ஆகிறது. அதனால்தான் 40-இல் சொன்ன பேச்சைக் கேட்ட வண்டி, 60-இல் நேராக வெளியே போய்விடுகிறது. மழை பெய்திருந்தாலோ, உள் வளைவில் மண் சரிந்து கிடந்தாலோ, உதிர்ந்த இலைகள் ஊறிக் கிடந்தாலோ அந்த 80-உம் கிடையாது.

இன்னொன்று. டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒரே முதல்தான். திரும்புவதற்கும் பிரேக்குக்கும் அதையேதான் பங்கு போட வேண்டும். திரும்புவதற்கே முழுவதும் செலவாகிவிட்டால், வளைவின் நடுவில் பயந்து பிரேக்கை அழுத்தும்போது கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. வேகத்தை வளைவுக்கு முன்னால், ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே குறைக்கச் சொல்வது அதற்காகத்தான். இப்போதைய வண்டிகளில் பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், சறுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி எல்லாம் இருக்கின்றனவே என்பீர்கள். அவை இருக்கிற பிடிமானத்தைச் சரியாகப் பயன்படுத்தும். இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது.

ஆனால் டயரைவிடப் பெரிய பிரச்சினை கண்பார்வை. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூலில் ஓர் அட்டவணை உண்டு. மணிக்கு 48 கிலோமீட்டரில் போகும் கார் நிற்க 23 மீட்டர், 64-இல் 36, 80-இல் 53, 96-இல் 73. இது விழிப்பாக இருக்கும் ஓட்டுநர் முக்கால் நொடிக்குள் பிரேக்கில் கால் வைப்பார் என்று வைத்துப் போட்ட கணக்கு. வளைவைத் தாண்டியதும் திடீரென்று ஒன்றைப் பார்ப்பவருக்கு ஒன்றரை நொடிகூட ஆகலாம். பாறையோரம் 25 மீட்டர்தான் தெரிகிறது, வேகம் 60 என்றால், பாதையில் விழுந்து கிடக்கும் கல்லுக்கு முன்னால் நிற்க எந்தத் திறமைசாலியாலும் முடியாது.

ஜெர்மனியில் இருப்பவர்கள் உரிமம் எடுக்கும்போது படித்திருப்பீர்கள். அங்கே சாலை விதிகளின் 3-ஆம் பிரிவு, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும் என்கிறது. எதிரே வருபவருக்கு ஆபத்தாகும் அளவுக்குக் குறுகலான சாலை என்றால், தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நிறுத்த முடிய வேண்டும். ஏன் பாதி? எதிரே வருபவருக்கும் நிற்க இடம் வேண்டுமே. இருவரும் 48-இல் வந்தால் சேர்த்து 46 மீட்டர் வேண்டும். எந்த ஊர் மலைக்கும் இந்தப் பாதிக் கணக்கு பொருந்தும். பலகையில் 50 என்று எழுதியிருந்தால் அது உச்சவரம்பு, அந்த வேகத்தில் போயே ஆக வேண்டும் என்ற கட்டளை கிடையாது.

வளைவு எவ்வளவு இறுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல் தெரியும் புள்ளியைப் பாருங்கள். நீங்கள் முன்னேற முன்னேற அதுவும் விலகிப் போனால் வளைவு விரிகிறது. அது நின்ற இடத்திலேயே நின்று, நீங்கள் அதை நெருங்கிக்கொண்டே போனால் வளைவு இன்னும் இறுகப் போகிறது, உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். பைக் ஓட்டும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பயந்தால் கண் தடுப்புச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும். அதோடு, சக்கரம் கோட்டுக்கு உள்ளே இருந்தாலும், சாய்ந்து திரும்பும்போது தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்திரியாவில் சில மலைவளைவுகளில் நடுக்கோட்டை ஒட்டி நீள்வட்டக் குறிகள் வரைந்திருக்கிறார்கள். பெயின்ட் வழுக்கும் என்று பைக்காரர்கள் அதன்மேல் ஏற்ற மாட்டார்கள், தானாகவே கோட்டிலிருந்து தள்ளிப் போவார்கள். ஒரு டப்பா பெயின்டில் முடிந்த வேலை. யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

இறக்கம் தனிக் கதை. 1,500 கிலோ காரை 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே கொண்டுவந்தால் வெளியேற வேண்டிய சக்தி, நாற்பது லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அத்தனையையும் பிரேக்கே விழுங்க வேண்டும் என்றால் முதலில் கருகல் வாடை வரும், அப்புறம் மிதித்தாலும் வண்டி சரியாகப் பிடிக்காது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 என்ற ரகத்து எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கலாம். கொதித்து ஆவிக்குமிழி வந்துவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பல வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்வது இதனால்தான்.

அதனால் ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குவது என்ற பழைய வழக்கம் இன்றைக்கும் நல்ல வழக்கம். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் 'எல்' என்ற தாழ்ந்த கியர் அல்லது கையால் மாற்றும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் பெரியவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு, பெயர் வேண்டாம். வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இப்போதைய எஞ்சின்கள் இறக்கத்தில் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடுவதற்கென்று எரியும். மின்சாரக் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மலை உச்சியில் பேட்டரியை முழுக்க ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரிக்குள் போக இடமில்லாததால், வழக்கமாக வண்டியைப் பிடித்து நிறுத்தி அந்தச் சக்தியைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும் மீள்சக்தி பிரேக் பாதியளவுகூட வேலை செய்யாமல் போகலாம்.

ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது பல நாடுகளில் விதி அல்லது வழக்கம். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது சிரமம். பொலிவியாவின் பழைய யுங்காஸ் மலைப்பாதை இதில் வேடிக்கையானது. நாடு முழுக்க வலப்பக்கம் ஓட்டுபவர்கள் அந்தப் பாதையில் மட்டும் இடப்பக்கம் ஓட்டுவார்கள். இறங்கும் வண்டிதான் பள்ளத்து ஓரமாக ஒதுங்க வேண்டும். ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருப்பதால் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். பெரிய லாரியோ பேருந்தோ கொண்டை ஊசியில் திரும்பும்போது அதன் பின்சக்கரம் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வரும், முழுச் சாலையும் அதற்குத் தேவை. வளைவுக்கு முன்னாலேயே நின்று அதை விட்டுவிடுங்கள். மூக்கை நுழைத்துவிட்டு அப்புறம் பின்வாங்க முடியாது.

காணொளி போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் 2017 முதல், தனியாக ஒரே காரில் உச்ச வேகத்தைத் துரத்தி விதிமீறி ஓட்டுவதும் பந்தயக் குற்றமாகவே கருதப்படலாம். சுவிட்சர்லாந்தில் 80 வரம்புள்ள சாலையில் 60 கூடுதலாகப் போனால் நான்கு ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 80-க்குக் குறைந்த வரம்புள்ள சாலையில் 40 கூடுதல் என்றால், அந்த இடத்திலேயே உரிமம் 30 நாளும் வண்டி 14 நாளும் பறிபோகும். வேகமானியைக் காட்டும் காணொளியைத் தானே ஊருக்கெல்லாம் அனுப்புபவருக்குச் சாட்சி வேறு தேட வேண்டியதில்லை. தம்பி, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் கிடைக்கிற லாபம் என்ன? 20 கிலோமீட்டர் மலைப்பாதையைச் சராசரி 40-இல் கடக்க 30 நிமிடம், 50-இல் 24 நிமிடம். ஆறு நிமிடம். பின்னிருக்கையில் குழந்தை வாந்தி எடுத்தால் அதைத் துடைக்கவே அதற்கு மேல் ஆகும்.

கோடைக்கால ஒன்றுகூடல் மலைமேல் என்று முடிவாகியிருப்பதால் ஒரு வேண்டுகோள். போன தடவைபோல வண்டிகள் வரிசை கட்டிப் போக வேண்டாம். முன்னால் போனவர் முந்திவிட்டார் என்று பின்னால் வருபவரும் பார்க்காமலேயே முந்துகிறார், விட்டுப்போய்விடுவோமோ என்ற அவசரம் வேறு. சேர வேண்டிய இடத்தின் வரைபட இணைப்பை எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறோம். அவரவர் நேரத்துக்குக் கிளம்பி அவரவர் வேகத்தில் வாருங்கள். பின்னால் யாராவது ஒட்டிக்கொண்டே வந்தால் ஒதுங்க இடம் கிடைத்ததும் ஒதுங்கி விட்டுவிடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் சரி என்றுவிட்டார். மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் முன்கூட்டியே எனக்குத் தனிமடல் போடுங்கள். இடமிருக்கும் வண்டியில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்