தாங்க்ராவில் ஒரு சீனக் குடும்பம்

பணியின் பொருட்டுக் கொல்கத்தாவில் குடியிருந்த காலத்தில், அங்குச் சீனர் வாழும் தாங்க்ரா பகுதியில் உணவகம் நடத்தும் பெரியவர் ஒருவரோடு எனக்குப் பழக்கம் உண்டாயிற்று. சீனரில் ஹக்கா என்னும் பிரிவைச் சேர்ந்த அவருடைய குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டவர்கள். தீட்டு என்று பிறர் ஒதுக்கிய தொழிலை ஏற்றதால்தான் அந்நகரில் அவர்களால் வேரூன்ற முடிந்தது என்பது என் கணிப்பு. 1996இல் தோல் ஆலைகளை இடம் மாற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, அவர் பதனிடும் கூடத்தையே உணவகமாக மாற்றிக்கொண்டார்.

1962ஐப் பற்றி நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். இந்திய-சீன எல்லைப் போர் மூண்டதும் சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். அசாமின் மாக்கும் என்னும் ஊரிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அவருடைய அத்தை சில ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன. முகாமுக்குச் செல்லாதவர்களும் காவல் நிலையத்தில் பதிவு செய்து, வெளியூர் செல்ல அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதன்பின் பலர் டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்தனர். அவருடைய மகன்களும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். தாங்களும் போயிருக்கலாமே என்றேன். "அங்கே வங்காளியில் யாரோடு சண்டை போடுவது?" என்று சிரித்தார்.

அப்பகுதியில் சீனர்களே பராமரிக்கும் காளி கோயிலில் நூடுல்ஸ் பிரசாதமாகக் கிடைக்கும். வெளியூரார் அதை விநோதமாகக் கருதிப் படம் பிடிப்பது எனக்கு உவப்பாக இல்லை. வாழும் தெருவின் தெய்வத்தைத்தானே அவர்கள் கும்பிடுகிறார்கள்!

●

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. சென்னையில் எங்கள் குடும்பத்தார் மூன்று தலைமுறையாகச் சீனப் பல் மருத்துவர் ஒருவரின் குடும்பத்திடமே சிகிச்சை பெறுகிறோம். ஹூபே மாகாணத்திலிருந்து புறப்பட்ட பல் வைத்தியர் மரபைச் சேர்ந்தவர்கள் அவர்கள். இன்று பேரன் முறைப்படி பட்டம் பெற்று அதே தொழிலைச் செய்கிறார். தாங்க்ராவைப் போலச் சீனர் தெரு என்று ஒன்று இங்கே இல்லாததால், அக்கம்பக்கத்துத் தமிழர்களே அவர்களுக்கு உறவும் விருந்தும் ஆயினர். பெண் பார்க்க மட்டும் கொல்கத்தாவுக்குச் செல்வார்கள். அப்படி வந்த மருமகள் ஓராண்டுக்குள் கீரை விற்பவரிடம் தமிழில் பேரம் பேசத் தொடங்கிவிட்டாள் என்பதைப் பாட்டியம்மா வருவோரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்.