துவக்கு வாங்கும்போது எதைப் பார்த்தீர்கள்? வன்னியில் இருந்து சில அனுபவங்கள்

நெடுங்கேணியான்:

கச்சான் காய் பிடிக்கத் தொடங்கினதும் காட்டுப் பண்டி இறங்கிவிடும் என்பது இஞ்ச எல்லாருக்கும் தெரிந்த கதை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசன்சுக்கு விண்ணப்பித்து, விதானையார், பொலிஸ், கச்சேரி என்று அலைந்து அனுமதி கைக்கு வந்த பிறகுதான் அடுத்த கேள்வி எழும்பியது: எதை வாங்குவது? அப்பாமாரின் காலத்துத் துவக்குகள் இடம்பெயர்வோடு போய்விட்டன. அவற்றைப் பார்த்து எடுக்கத் தெரிந்த ஆட்களும் குறைந்துவிட்டார்கள். அதனால் நான் பார்த்ததைக் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன்.

எனக்கு முதலில் காட்டினது பழைய இங்கிலாந்து இரட்டைக் குழல், ‘பன்னிரண்டு போர்’ (குழல் துவாரத்தின் அளவு). பக்கத் தகட்டில் பறவைகள் செதுக்கி, பிடங்கு (தோளில் வைக்கிற கட்டை) வால்நட் மரத்தில் மினுக்கி வைத்திருந்தது. விலையும் அதற்கேற்ற விலை. கூட வந்த பெரியப்பா பழைய வேட்டைக்காரர். அவர் செதுக்கலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தார். குழலுக்குக் கீழே கை பிடிக்கிற முன்கட்டையைக் கழற்றினார். குழலை மூடிப் பிடித்துக்கொண்டு பிடங்கை ஆட்டினார். முன்கட்டை பூட்டியிருந்தால் அதன் இறுக்கமே ஆட்டத்தை மறைத்துவிடுமாம். கழற்றியதும் ‘கடக் கடக்’ என்றது. பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குழலின் அடிப்பக்கம் உடலோடு சேருகிற இடத்தைப் பார்க்கச் சொன்னார். நூலளவு வெளிச்சம் தெரிந்தது. தோட்டா வெடிக்கும்போது பின்னால் உதைப்பது அந்த இடத்தில்தான். அங்கே இடைவெளி விழுந்துவிட்டால் ஒவ்வொரு வெடிக்கும் இன்னும் தளர்ந்துகொண்டே போகும். எங்கட முகம் இருப்பதும் அதற்குப் பக்கத்தில்தான்.

அடுத்து குழலைத் தனியே எடுத்து, அடியில் உள்ள கொளுக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டுத் தட்டினார். நல்ல குழல் கோயில் மணி மாதிரி நீட்டி ஒலிக்கும். இது ‘டப்’ என்று அடங்கிப்போனது. இரண்டு குழலையும் இணைக்கிற பட்டியின் ஈயப்பற்று எங்கேயோ விட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சந்துக்குள் மாரித் தண்ணீர் போனால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கறள் தின்னும்.

பலர் கவனிக்காத இன்னொன்று, குழலுக்குள் தோட்டா இருக்கிற அறையின் நீளம். பழைய இங்கிலாந்துத் துவக்குகள் நிறைய 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்குச் செய்தவை. இப்போது பரவலாகக் கிடைப்பது 70. அது உள்ளே போகும், துவக்கும் ஒழுங்காக மூடும். அதுதான் ஆபத்தே. வெடிக்கும்போது தோட்டாவின் வாய் மடிப்பு விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். குழலின் அடியில் சோதனை முத்திரைகள் குத்தியிருக்கும். அறை அளவும், புகையில்லா மருந்துக்குச் சோதித்ததா என்பதும் அதில் தெரியும். குழலில் பின்னல் பின்னலாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ். இரும்பையும் உருக்கையும் முறுக்கிப் பற்றவைத்த குழல். பெரும்பாலும் கரிமருந்துக் காலத்தது. எவ்வளவு அழகென்றாலும் வயலுக்கு நான் எடுக்க மாட்டேன்.

அந்தத் துவக்கை விட்டுவிட்டு வந்தோம். பிறகு எடுத்ததில் ஒரு பூவும் இல்லை, ஆனால் முன்கட்டை இல்லாமலே அசையாது.

ஒட்டுசுட்டான் தம்பி:

அண்ணை சொன்னது அவ்வளவும் சரி. என்னிடம் இருப்பது ரஷ்யாவின் பைக்கால், பக்கப் பக்கமாக இரட்டைக் குழல். தூக்கப் பாரம், பிடங்கு மரம் கரடு. ஆனால் குழலின் உட்பக்கம் குரோம் பூசியது. எங்கட பனியிலும் மழையிலும் அந்தப் பூச்சு பெரிய உதவி.

விலை கூடினதில் வெற்றுத் தோட்டாவைத் தானே வெளியே எறிகிற வசதி இருக்கும். எனக்கு அது வேண்டாம். இருட்டில் வரம்பில் நிற்கும்போது கொஞ்சம் மேலே தூக்கித் தந்தால் போதும், விரலால் எடுத்துப் பொக்கற்றில் போடலாம்.

நான் கட்டாயம் பார்க்கச் சொல்வது சேப்டியை, அதாவது தவறி வெடிக்காமல் தடுக்கிற பூட்டை. டம்மித் தோட்டா போட்டு, சேப்டி பூட்டி, இரண்டு ரிகரையும் இழுத்துப் பாருங்கள். பிறகு விரலை எடுத்துவிட்டுச் சேப்டியைத் திறவுங்கள். அந்த நேரம் ‘டிக்’ என்று சுத்தியல் விழுந்தால் அந்தத் துவக்கைத் தொடவே வேண்டாம். எனக்குக் காட்டின ஒன்று அப்படியே விழுந்தது. வித்தவர் “சின்ன வேலைதான் தம்பி, செய்து தாறன்” என்றார். நான் எடுக்கவில்லை.

ஒருநாள் கச்சானுக்குள் சத்தம் கேட்டு, பண்டி என்று நினைத்து ரோச் அடித்தால் அலியன் நிற்கிறது. யானையைச் சுடுவது குற்றம், அது ஒருபுறம். பண்டிக்கான எஸ்.ஜி. தோட்டா (பெரிய ஈயக் குண்டுகள் உள்ளது) அதைக் காயப்படுத்தும், வெறி கொள்ளச் செய்யும், அவ்வளவுதான். துவக்கைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டுப் பரணிலேயே இருந்தேன். விடியும் முன் அது போய்விட்டது. எவ்வளவு விலை கொடுத்த துவக்கும் அந்த இடத்தில் உதவாது.

வவுனிக்குளத்தான் (மெல்பேர்ண்):

நான் இங்கே குறிசுடும் கழகத்தில் இருக்கிறேன், கையில் இருப்பது ரிவோல்வர். ஊரில் இதற்கு வேலையில்லை, சட்டமும் வேறு. ஆனால் பெரியப்பா ஆட்டிப் பார்த்த அதே விசயம்தான் இதிலும்.

இங்கே விளையாட்டுக்கு வாங்கும் ரிவோல்வரின் குழல் 100 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. விலை கூடினதில் ஆசைப்பட்டு நிறையப் பேர் கோல்ட் பைதன் கேட்பார்கள். 1955இல் வந்தது, 2005இல் நிறுத்தி 2020இல் திரும்பச் செய்யத் தொடங்கினார்கள். பெயரை விட்டுவிட்டுக் கையில் எடுத்துப் பாருங்கள். வெறுமை என்று உறுதி செய்து, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, சுத்தியலை மெல்ல மெல்லப் பின்னால் இழுங்கள். சுத்தியல் முழுதாக நிற்கும் முன், தோட்டா அறைகள் உள்ள சுழலும் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு அறைக்குப் பார்த்துவிட்டு விடாதீர்கள், ஆறுக்கும் பாருங்கள். நான் பார்த்த புத்தம் புது விலையுயர்ந்த ஒன்றில் ஐந்து அறை சுத்தம், ஒன்று மட்டும் பிந்திப் பூட்டியது. அறை குழலுக்கு நேரே வராத நிலையில் சுட்டால் ஈயம் சீவிப் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவருக்கும் படும்.

சிலிண்டருக்கும் குழலுக்கும் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு முதல் ஆறு வரை இருந்தால் எனக்குத் திருப்தி. அதிலும் நெருக்கமென்றால் கரி படிந்து சுற்றாது. அகன்றால் வாயு வீணாகும். மற்றது கைப்பிடி. என் கை சின்னது, பெரிய மரப்பிடியில் ரிகருக்கு விரல் முழுதாக எட்டவில்லை. கைப்பிடியை மாற்றலாம், பூட்டைத் திருத்துவதற்குத்தான் ஆளைத் தேட வேண்டும்.

மாங்குளம் அக்கா:

எல்லாரும் வாங்குகிற கதை சொல்லிவிட்டீர்கள். எங்கட வீட்டில் வாங்கின பிறகுதான் பாடு. அழகான தோல் உறை ஒன்று கூடவே தந்தார்கள். மாரிக்கு அதற்குள்ளேயே வைத்ததால் ஈரம் தங்கி, குழலின் வெளிப்பக்கம் புள்ளி புள்ளியாகக் கறள். இப்போது இவர் வயலால் வந்ததும் நானே துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, உறையில்லாமல் இரும்புப் பெட்டியில் வாயைக் கீழே வைத்துப் பூட்டுகிறேன். எண்ணெய் பிடங்கு மரத்துக்குள் இறங்கினால் மரம் ஊறிப் பழுதாகும், அதனால்தான் வாய் கீழே. தோட்டா வேறு பெட்டி, திறப்பு என்னிடம். வீட்டில் பிள்ளைகள் இருக்கினம்.

லைசன்சை ஒக்டோபர் முதல் டிசம்பர் 31க்குள் ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்க வேண்டும். காலபோக வேலைக்குள் அது மறந்துபோகும். ஒக்டோபர் முதல் கிழமையிலேயே கச்சேரிக்குப் போய்விடுங்கள், வரிசை குறைவு.