டிரைக்கில் முதல் பறப்பு: அப்பச்சி 92 கிலோ, எடை ஒத்து வருமா?

கேள்வி (கானாடுகாத்தான்):
அப்பச்சிக்கு 62 வயது, எடை 92 கிலோ. பெங்களூரு பக்கம் டிரைக் மைக்ரோலைட்டில் (துணி இறக்கைக்குக் கீழே மூன்று சக்கர வண்டி தொங்கும் இரண்டு பேர் சின்ன விமானம்) பறக்க ஆசைப்படுகிறார்கள். காரைக்குடியிலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போய், மத்தியானம் பறக்கலாமா? என்ன உடுத்தணும்? வெறும் வயிறு நல்லதா?

பதில் (தேவகோட்டை):
மொத்த எடை வரம்பு 450 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வண்டி 220, ஓட்டுநர் 80, பெட்ரோல் 30 லிட்டர் சுமார் 22 கிலோ. மீதி 128. எடை இடம் கொடுக்கிறது. ஆனால் பின் இருக்கைக்குத் தனி வரம்பு உண்டு, பல வண்டிகளில் 100 கிலோவுக்குள்தான். ஹெல்மெட், ஜாக்கெட்டோடு அப்பச்சியை எடை போட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மத்தியானம் வேண்டாம். பெங்களூரே 3,000 அடி உயரம். 31 டிகிரி வெயிலில் காற்று இளகி, இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அது 5,500 அடிக்கு மேல் இருப்பது மாதிரி ஆகும். எஞ்சின் பலம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும், ஏற்றம் மந்தம். சூடேறிய தரையிலிருந்து காற்று கிளம்பி வண்டியைத் தூக்கிப் போடும். நம்மூர்ச் செம்மண் பொட்டல் மேலேயும் அப்படித்தான். ராத்திரி பஸ் அலுப்போடு ஏறவும் கூடாது. முந்தின நாளே போய்த் தங்கி, விடிந்ததும் முதல் ஆளாகப் பறக்கட்டும்.

பதில் (பள்ளத்தூர்):
முக்கியமானது உடுப்பு. டிரைக்கில் விசிறி (புரொப்பெல்லர்) பின் இருக்கைக்காரர் முதுகுக்குப் பின்னால் சுழல்கிறது. விழும் எதுவும் நேரே அதில்தான் போகும்: தொப்பி, துண்டு, பேனா, ஒரு பொத்தான்கூட. விசிறியின் ஒரு இதழ் உடைந்தால் அதிர்வே எஞ்சினைப் பிடுங்கிவிடலாம். வேட்டி கூடாது. பேன்ட், ஜிப் வைத்த ஜாக்கெட், கயிறு உள்ளே சொருகிய ஷூ. கண்ணாடிக்குப் பின்கயிறு. சட்டைப் பை காலி.

ஓட்டுநரையும் கவனியுங்கள். எஞ்சின் ரோட்டாக்ஸ் 912 என்றால், அதில் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் இரண்டையும் அணைத்து, விசிறியைச் சுழலும் திசையில் மட்டும் கையால் சுற்றுவார். ஆயில் தொட்டியில் களக்களக்கென்று சத்தம் வந்தபிறகுதான் ஆயில் அளவு பார்ப்பார். மாற்றிச் சுற்றினால் ஆயில் ஓட்டத்தில் காற்றுப் புகும். ஆயில் 50 டிகிரி வராமல் முழு வேகம் கொடுக்கக் கூடாது. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் இக்னிஷனை ஒவ்வொன்றாக அணைத்தால் 300 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது. இறக்கையைத் தாங்கும் நடு போல்ட்டை விரலால் தொட்டுப் பார்க்காதவரோடு ஏற வேண்டாம்.

கேள்வி (கானாடுகாத்தான்):
போன்? படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள்.

பதில் (பள்ளத்தூர்):
கையில் வேண்டாம் அண்ணே. இறக்கையில் கேமரா பொருத்தித் தருகிறார்களா கேளுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி போதும், கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால். வானத்தில் வண்டி சாய்ந்து வளையும்போது தரையைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், குமட்டாது.